வடகடல் சிற்றூர்களில் இரண்டரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணிகள் கப்பல் வேலை பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கின்றன. சம்பளமும் வாங்கிக்கொண்டு உலகத்தையும் சுற்றலாம் என்கின்றன; இல்லாவிட்டால், கரையையே பார்க்காமல் இரும்புப் பெட்டிக்குள் எட்டு மாதம் கிடக்க வேண்டும் என்கின்றன. கப்பல் எந்தக் கடலில் ஓடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

மத்தியதரைக் கடலில் 'ரோம்' என்று அட்டவணையில் போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர். பாரிஸ் 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடைவேளையில் இறங்கும் ஊழியருக்கு அந்த ஊர்கள் பெயரளவில்தான். வடக்கே நிலைமை வேறு. நார்வேயின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கிளைகள்), ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட், ஆர்க்னி, ஃபாரோ தீவுகள், ஐஸ்லாந்து, அலாஸ்கா ஆகிய இடங்களில் பல துறைமுகங்களில் கேங்வே (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலம்) முடியும் இடத்திலேயே ஊர் தொடங்கிவிடும். ஊரே ஒரு மைல் நீளம்தான் இருக்கும். இரண்டரை மணி நேரம் கிடைத்தால் ஓர் ஊரை உருப்படியாகப் பார்த்துவிட முடியும். மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் ஓடும் கப்பலில் சேர்ந்தும், க்ரூ மெஸ்ஸிலும் துறைமுக வாசலின் இலவச வைஃபையிலும் அந்த நேரத்தைக் கரைத்துவிட்டு வரும் இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. மாலை 5 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, உங்கள் ஷிஃப்ட் 3 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். குளித்து யூனிஃபார்ம் மாற்ற 25 நிமிடம், கேங்வேயில் கார்டு ஸ்வைப், பை ஸ்கேன் வரிசைக்கு 15, எதிர்பாராததற்கு 20. ஆக 2 மணிக்குக் கேங்வேயின் அடியில் நின்றாக வேண்டும். காலை வேலை 11 மணிக்கு முடிந்து, உடை மாற்றி இறங்க 11.30 ஆகிவிடும். கையில் இருப்பது இரண்டரை மணி. அதை மூன்றாகப் பிரியுங்கள்: போக 50 நிமிடம், வர 50 நிமிடம், மீதி 50 நிமிடம் உட்கார்ந்து பார்க்கவும் தாமதத்துக்கும். 50 நிமிட நடைக்கு அப்பால் உள்ள எதுவும் அன்றைக்கு உங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டால் ஓட்டமும் பதற்றமும் பாதி குறைந்துவிடும்.

யாருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பது துறையைப் பொறுத்தது. கடைகளும் காசினோவும் துறைமுகத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பகல் கிடைக்கும். கேலி (கப்பல் சமையலறை), ரெஸ்டாரன்ட் ஆட்களுக்கு மதிய இடைவேளை. ஹவுஸ்கீப்பிங்குக்கு அறைகள் முடிந்த பிறகு பிற்பகல். டெக், எஞ்சின் ஆட்களுக்கு வாட்ச் (முறைப் பணி) அட்டவணைதான் விதி. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஐ.பி.எம். (இன்-போர்ட் மேனிங்) பட்டியல் இருக்கிறது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தீயோ வேறு அவசரமோ வந்தால் சமாளிக்க, ஊழியர்களில் ஒரு பகுதி கட்டாயம் கப்பலிலேயே இருக்க வேண்டும். அந்த முறை சுழற்சியாக வரும். பயணம் தொடங்கிய அன்றே பட்டியலைப் பார்த்து, எந்த ஊரில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள வேண்டுமானால், அதே அவசரகாலப் பொறுப்பு உள்ளவரோடுதான் மாற்றலாம். அதுவும் மேற்பார்வையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு. "நீ நில்லு, நான் போறேன்" என்று வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டு இறங்கினால், அன்றைக்கு மணி அடிக்கும்போது ஹோஸைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆள் இருக்காது. வேலை போவதற்கும் அது ஒன்றே போதும்.

கரையிறங்குவது கருணையால் கிடைப்பதல்ல. 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006, பணியின் தேவைக்கு இடையூறில்லாத அளவில் ஊழியர்களின் உடல்நலத்துக்காகக் கரைவிடுப்பு தரப்பட வேண்டும் என்றே சொல்கிறது. அதே உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு துண்டு குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. நீங்கள் ஊர் சுற்றிய நேரமும் தாளில் ஓய்வாகத்தான் பதிவாகும். உடம்புக்கு அது ஓய்வு இல்லை. ஐந்து துறைமுகம் வந்தால் இரண்டைத் தேர்ந்தெடுத்து இறங்குங்கள், மற்ற மூன்றில் தூங்குங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வடநார்வேயின் ட்ரொம்சோவில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதில்லை. ஜன்னல் இல்லாத கேபினிலிருந்து இரவு 10 மணிக்கு மேலே வந்தால் பிற்பகல் 4 மணி போல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உடம்பு ஏமாந்துபோகும். வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தை அளக்காதீர்கள்.

கடிகாரமும் ஏமாற்றும். கோடையில் நார்வே உலகப் பொது நேரத்தைவிட 2 மணி முன்னால். ஷெட்லாண்டும் ஆர்க்னியும் ஃபாரோவும் 1 மணி முன்னால். ஐஸ்லாந்து ஆண்டு முழுவதும் பொது நேரத்திலேயே இருக்கும். கப்பலின் கடிகாரத்தை எப்போது மாற்றுவது என்பது கேப்டனின் முடிவு. நார்வேயிலிருந்து வந்த கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே ஐஸ்லாந்தில் நின்றால், கப்பலில் 4.30 ஆகும்போது கரையின் டவரைப் பிடித்த உங்கள் கைப்பேசி 2.30 என்று காட்டும். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று காபி குடித்துக்கொண்டிருப்பவருக்கு எதிரே கயிறு அவிழ்ந்துகொண்டிருக்கும். கைப்பேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, கப்பல் நேரம் வைத்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரம்.

அடுத்து, கப்பல் எங்கே நிற்கும் என்பது. ஒரே ஊரில் இரண்டு இடம் இருக்கலாம். ட்ரொம்சோவில் ப்ரோஸ்ட்னெசெட் என்றால் ஊர் நடுவே; ப்ரெய்விகா என்றால் நடுவூரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர், பஸ் வேண்டும். ஆர்க்னியின் கிர்க்வாலில் ஹாட்ஸ்டன் தளம் ஊருக்கு வெளியே. அலாஸ்காவின் சிட்காவில் பெரிய கப்பல் நிற்கும் தளம் ஊரிலிருந்து 5 மைலுக்கு மேல். முந்தின இரவே கேங்வே அருகில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள். ஷட்டில் பஸ்ஸில் ஊழியர்களை ஏற்றுவார்களா, கூட்டம் குறைந்த பிறகா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தளமே இல்லாமல் நங்கூரம் போட்டு நின்றால் டெண்டர்தான். கப்பலின் உயிர்காப்புப் படகுகளையே, ஒன்றுக்கு நூறு, நூற்றைம்பது பேர் என்று, கரைக்கும் கப்பலுக்குமாக ஓட்டுவார்கள். பயணிகளின் முதல் அலை ஓய்ந்த பிறகே ஊழியர்களுக்கு இடம் கிடைக்கும். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இரண்டரை மணி நேரக் கணக்கில் டெண்டர் துறைமுகத்தைச் சேர்க்காதீர்கள். நான்கு மணி நேரமாவது இருந்தால் மட்டும் இறங்குங்கள். திரும்பும்போது கடைசி ஒரு மணி நேரத்தில் வரிசை கரையோரம் வளைந்து நிற்கும், அதிலும் பயணிகளுக்கே முன்னுரிமை. அதற்கு முன்பே படகுத்துறைக்கு வந்துவிட வேண்டும். காற்று வலுத்தால் டெண்டரை நிறுத்திவிடுவார்கள். கரையில் இருப்பவர்கள் காற்று தணியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஃபியோர்டில் காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் தண்ணீர் பிற்பகலில் நுரைப்பது சாதாரணம்.

டெண்டரில் ஏறும்போது இரு கைகளும் காலியாக இருக்கட்டும். கைப்பேசி பைக்குள். படகும் மேடையும் அலையில் ஏறி இறங்கும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் கணத்தில் மாலுமி "ஸ்டெப்" என்பார், அப்போதுதான் கால் வைக்க வேண்டும், அதற்கு முன் தாவக் கூடாது. அவர் கையைக் குலுக்குவதுபோல் பிடிக்காதீர்கள். அவர் முன்கையை நீங்களும் உங்கள் முன்கையை அவரும் பற்ற வேண்டும். விரல்கள் ஈரத்தில் நழுவும். முன்கைப் பிடி நழுவாது.

ஆவணம் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. பொது விசா முறை உள்ள ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 108 அல்லது 185-ஆம் உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட கடலோடி அடையாள ஆவணம் வைத்திருந்து, முன்கூட்டியே தரப்பட்ட ஊழியர் பட்டியலில் பெயரும் இருந்தால், துறைமுக ஊரிலும் அதை ஒட்டிய நகராட்சிகளிலும் விசா இல்லாமல் கரையிறங்கலாம். 'ஒட்டிய நகராட்சி' என்பதைக் கவனியுங்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு ரயிலேறி வேறு மாவட்டத்துக்குப் போக முடியாது. அலாஸ்காவில் இது செல்லாது. கப்பல் ஊழியர்களுக்கான அமெரிக்க சி-1/டி விசாவும், குடியேற்ற அதிகாரி தரும் ஐ-95 அனுமதிச் சீட்டும் இருந்தால்தான் கேங்வேயைத் தாண்டலாம். அந்தச் சீட்டைத் தொலைத்தால் அந்தப் பருவம் முழுக்கத் தலைவலி. கப்பலின் க்ரூ ஆபீஸ் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கும் என்பதால் கையில் க்ரூ கார்டு, கடலோடி ஆவணம், பாஸ்போர்ட் நகல், அன்றைய போர்ட் ஏஜென்ட்டின் (அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) தொலைபேசி எண் இருக்க வேண்டும். எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். குளிரில் கைப்பேசி பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். கப்பலைத் தவறவிட்டவரை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அந்த ஏஜென்ட்தான். செலவு பெரும்பாலும் தவறவிட்டவர் தலையில் விழும்.

இனி ஊர்கள். நார்வேயின் ஓலசுண்டில் கப்பல் ஊர் மத்தியில் நிற்கும். 1904 ஜனவரி 23 அன்று ஊரே எரிந்துபோக, சில ஆண்டுகளுக்குள் கல்லும் செங்கல்லுமாக ஆர்ட் நூவோ பாணியில் திரும்பக் கட்டினார்கள். ஊர்ப் பூங்காவிலிருந்து அக்ஸ்லா குன்றுக்கு 418 படி. அவசரப்படாமல் ஏறினாலும் அரை மணி நேரம். மேலிருந்து பார்த்தால் கோபுரங்களும் தீவுகளும் உங்கள் கப்பலும் ஒரே பார்வையில் அடங்கும். ஷிஃப்ட்டுக்கு நடுவே போய்வர வடக்கில் இதைவிடத் தோதான ஊர் கிடையாது.

கெய்ராங்கரில் பயணிகள் பஸ்ஸைப் பிடித்து மலைமேல் போவார்கள். ஊழியருக்கு அருவியை ஒட்டிய 327 படிகள் போதும். கரையிலிருந்தே தொடங்கும் இரும்புப் படிப்பாதை அது. அருவியின் சாரல் முகத்தில் அடிக்கும் அளவுக்கு நெருக்கம். படி நனைந்தே இருக்கும், கைப்பிடியை விடாதீர்கள். ஃப்ளோமில் எல்லோரும் ரயிலைச் சொல்வார்கள். 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் ஏறும் அற்புதமான பாதைதான். ஆனால் போக மட்டுமே ஏறத்தாழ ஒரு மணி நேரம். சீட்டும் பயணிகளால் நிறைந்துவிடும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதை மறந்துவிட்டு ப்ரெக்கெஃபோஸ் அருவிக்குக் கல்படியில் ஏறுங்கள். போய்வர ஒன்றரை மணி.

ஹொன்னிங்ஸ்வோக்கில் எல்லோரும் 34 கிலோமீட்டர் தள்ளியுள்ள, ஐரோப்பாவின் வடமுனை எனப்படும் நார்த் கேப்புக்கு ஓடுவார்கள். ஊரிலேயே ஒரு வெள்ளை மரத் தேவாலயம் இருக்கிறது, 1885-இல் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை வடநார்வேயை எரித்துக்கொண்டே போனபோது, இந்த ஊரில் மிஞ்சிய ஒரே கட்டடம் அதுதான். சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் ஏன் ஒரே வயதாகத் தெரிகின்றன என்பதற்கு அந்தத் தேவாலயத்தின் முன் நின்றால் விடை கிடைக்கும்.

ஐஸ்லாந்தின் ஸெய்திஸ்ஃபியோர்துரில் வானவில் தெருவில் படம் எடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மேலே, மீன் தொழிற்சாலைக்கு எதிரே தொடங்கும் பாதையில் இருபது நிமிடம் ஏறினால் ஐந்து கான்கிரீட் குவிமாடங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ட்வீசோங்குர் என்று பெயர். உள்ளே போய் வாயை மூடி முணுமுணுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குவிமாடமும் ஒரு குறிப்பிட்ட சுருதிக்குத்தான் பதில் சொல்லும். உங்கள் குரல் அதைத் தொட்டதும் சுவர் முழுக்க ரீங்காரமிடும், அடுத்த குவிமாடத்தில் அதே சுருதி அடங்கிப்போகும். கட்டணம் இல்லை, வாயிற்காவல் இல்லை. அக்குரேரியில் நகரப் பேருந்தும் தாவரவியல் தோட்டமும் இலவசம். ஃபாரோவின் டோர்ஸ்ஹாவ்னில் சிவப்பு நகரப் பேருந்தும் அப்படியே. ஷெட்லாண்டின் லெர்விக்கில் கரையிலிருந்து இருபத்தைந்து நிமிடம் நடந்தால் ஏரிக்கரையில் க்ளிக்கிமின் கல்கோட்டை, இரும்புக் காலத்தது, அதற்கும் கட்டணம் இல்லை. அலாஸ்காவின் ஸ்காக்வேயில் தளத்துக்குப் பின்னாலேயே லோயர் டியூவி ஏரிக்கு முக்கால் மைல் ஏற்றம். செங்குத்துதான், ஆனால் அரை மணி நேரத்தில் கடைத்தெருவின் கூட்டம் காதை விட்டே போய்விடும்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியனில் ஒரு விதியை மட்டும் மீறவே கூடாது. ஊரின் எல்லையில் பனிக்கரடி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை நிற்கும். அதற்கு அப்பால் துப்பாக்கியோடு வரும் வழிகாட்டி இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். ஜூலையிலேயே சராசரி 6, 7 டிகிரிதான். அருங்காட்சியகத்திலும் விடுதிகளிலும் காலணியை வாசலில் கழற்ற வேண்டும். நிலக்கரிச் சுரங்க காலத்து வழக்கம் அது.

உடை விஷயத்தில் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: பருத்தி. பருத்தி பனியன், ஜீன்ஸ், பருத்தி ஹூடி. நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 10 டிகிரியில் காற்றோடு சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் நடுக்கம் வந்துவிடும். உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். கேலியில் போடும் வழுக்காத ஷூவைப் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள். அதன் அடிப்பகுதி எண்ணெய் படிந்த டைல்ஸ் தரைக்காகச் செய்தது, பள்ளம் ஆழமாக இருக்காது. ஈரப்பாசியிலும் சேற்றிலும் வாரிவிடும்.

ஆர்க்டிக் ஆலா என்ற வெள்ளைக் கடற்பறவை, கோடையில் தரையிலேயே முட்டையிடும். பாதையோரம் கூடு இருந்தால் மண்டையில் கொத்தும், ரத்தம் வரும். உங்கள் உடம்பில் எது உயரமோ அதைத்தான் தாக்கும். ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே விலகிவிடுங்கள். விரட்டவோ அடிக்கவோ வேண்டாம், அது தன் குஞ்சைக் காக்கிறது. ஐஸ்லாந்தில் எரிமலைப் பாறைமேல் படர்ந்த பாசியை மிதிக்காதீர்கள். ஒரு காலடித் தடம் ஆற ஆண்டுக்கணக்காகும்.

சில்லறை விஷயங்கள் சில. நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும். 100 சதுர மீட்டருக்குள் உள்ள சிறு கடைகளும், சுற்றுலாத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர்களில் உள்ள கடைகளும்தான் திறக்கும். மே 17 அவர்களின் தேசிய நாள்: ஊர்வலம் உண்டு, கடை இல்லை. கார்டு எங்கும் செல்லும், டாலரை மாற்ற வேண்டியதில்லை. ஐஸ்லாந்து, ஃபாரோ நோட்டு கையில் மிஞ்சினால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கடினம். ஐரோப்பிய ஒன்றிய சிம் நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும், ஃபாரோவில் செய்யாது. கப்பல் நகரத் தொடங்கும் முன் ஏர்பிளேன் மோடு போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசி கப்பலின் சேட்டிலைட் வலையைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிட டேட்டாவுக்கு வரும் பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். வீட்டுக்குப் பேச அமைதியான இடம் வேண்டுமென்றால் ஊர் நூலகத்தைத் தேடுங்கள். வைஃபை இருக்கும், சூடு இருக்கும், யாரும் எதையும் வாங்கச் சொல்ல மாட்டார்கள். பேசுவதை மட்டும் வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்களில் பலவற்றில் சில ஆயிரம் பேரோ சில நூறு பேரோதான் வாழ்கிறார்கள். ஒரே நாளில் மூன்று கப்பல் வந்தால் ஊரைவிடப் பெரிய கூட்டம் தெருவில் இறங்குகிறது. அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்ததற்கும் அதுதான் காரணம். மர வீட்டின் ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது, பள்ளி முற்றத்தில் விளையாடும் குழந்தைகளைப் படம் எடுப்பது, கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவற்றால்தான் மனக்கசப்பு வருகிறது. கப்பல் ஊழியர் அதே ஊருக்கு ஒரு பருவத்தில் பத்து முறை வருவார். மூன்றாவது முறை பேக்கரியில் முகம் தெரிந்துவிடும். பயணிக்குக் கிடைக்காத இந்தப் பழக்கம் ஊழியருக்கு மட்டுமே கிடைக்கிறது.

தங்கள் இதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் கப்பல் வேலை பற்றி எழுதும்போது சம்பளம், வயது, சான்றிதழ் ஆகியவற்றோடு கரைவிடுப்பு விதி, கடலோடி அடையாள ஆவணம், அமெரிக்க விசா இந்த மூன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். வடகடல் பருவத்துக்கான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவதால், விசா நேர்காணலுக்கு அவகாசம் இருக்கும்படி அதற்குச் சில மாதங்கள் முன்பே வந்தால் பயன்படும்.

இப்படிக்கு,
பயணிகள் கப்பல் பணியில் உள்ள வாசகர்கள்